மாரி முகில்களும் இருவகைக் குளிரும்

ஐப்பசியில் மழை பிடித்தால் தை பிறக்கும்வரை வன்னிக் கமக்காரரின் கண் வானத்தை விட்டு அகலுவதில்லை. ஆயினும் கறுத்துக் கிடந்தால் மப்பு, வெளித்துக் கிடந்தால் வெயில் என்று இரண்டே சொற்களோடு மாரியைக் கடத்திவிடுகின்றோம். அது போதாது என்பதை 2022 டிசெம்பர் மாதம் எமக்குக் காட்டியது.

அம்மாதம் 9ஆம் திகதி இரவு தமிழ்நாட்டின் மாமல்லபுரத்துக்கு அருகில் கரையேறிய 'மாண்டஸ்' சூறாவளி எமது கரையைத் தொடவில்லை. ஆனால் அது வங்கக் கடலில் எம்மைக் கடந்துசென்ற நாட்களில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. நஞ்சோ, புதிய நோயோ என்று பலர் அஞ்சினர். கால்நடை வைத்தியர்கள் கடுங்குளிரையே காரணமாகக் கூறினர். வெப்பமானியால் அளந்தால் நுவரெலியா மாடு நாளாந்தம் தாங்கும் குளிரைவிட அது குறைவு. அப்படியாயின் எமது மாடு ஏன் செத்தது? விடையின் பெரும்பகுதி முகிலில் இருக்கின்றது.

முகில் புகையன்று, நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். கடலிலும் குளத்திலும் இருந்து எழும் நீராவி கண்ணுக்குத் தெரியாது. அதைச் சுமந்த வளி மேலே ஏறும்போது, அங்கே அமுக்கம் குறைவாதலால் விரிகின்றது, விரிவதால் குளிர்கின்றது. 100 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் குறையும். ஓர் எல்லைக்கு மேல், உலைமூடியின் உட்புறத்தில் நீர் கோப்பதுபோல, கடலுப்பு, தூசு, புகை ஆகியவற்றின் துணிக்கைகளைச் சுற்றி நீராவி துளியாகின்றது. இத்தகைய துளிகள் பத்து இலட்சமளவில் சேர்ந்தாற்றான் ஒரு மழைத்துளி உண்டாகும்.

1802இல் இலண்டனில் லூக் ஹவார்ட் என்ற மருந்து தயாரிப்பாளர் முகில்களை வகுத்துப் பெயரிட்டார். கீற்றுமுகில், திரள்முகில், படைமுகில், மழைமுகில் என்று எமது பிள்ளைகள் படிப்பது அதன் வழிவந்ததே. பெயரை மறந்தாலும் பாதகமில்லை. வளி எப்படி ஏறியது என்பதுதான் கமக்காரருக்கு வேண்டியது.

ஐப்பசியில் காற்று அடங்கிய நாளில் தரை சூடேறி, நண்பகலின் பின் வளி குமிழ்குமிழாக மேலெழும். அடி தட்டையாகவும் தலை பூக்கோவாவைப் போலவும் தோன்றும் திரள்முகில் இப்படிப் பிறக்கின்றது. அது 15 கிலோமீற்றர் வரையும் வளர்ந்து இடிமுகிலாகலாம். ஓர் ஊரில் கொட்டும். அடுத்த ஊரில் தூசி பறக்கும். பெரும்பாலும் ஓரிரு மணித்தியாலத்தில் ஓய்ந்துவிடும். மாடு நனையும், பின்பு காயும். (அஞ்ச வேண்டியது மின்னலுக்கு. தனிமரத்தின் கீழ் மாட்டைக் கட்டவும் கூடாது, நாம் நிற்கவும் கூடாது.)

கார்த்திகை, மார்கழியில் வங்கக் கடலில் தாழமுக்கம் தோன்றினால் கதை வேறு. முதலில் மிக உயரத்தில், பனிப் பளிங்குகளாலான கீற்றுமுகில் இறகிழை போலப் பரவும். சூரியனையோ நிலவையோ சுற்றி வட்டம் கட்டுவதும் உண்டு. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பரப்பில் வளி மெதுமெதுவாக ஏறுவதால் முகில் குவியாமல், பாய் விரித்தாற்போலப் படையாகித் தடித்துத் தாழ்ந்து வரும். நிழல் விழாத மங்கல் வெளிச்சம் நாள்முழுதும் நிற்கும். மேற்கே முகில் எழக் கண்டால் மழை வருமென மக்கள் அறிந்திருந்ததை இயேசு குறிப்பிடுகின்றார். பலஸ்தீனத்துக்குக் கடல் மேற்கே, முல்லைத்தீவுக்குக் கிழக்கே. குறி ஒன்றுதான்.

இங்கேதான் இருவகைக் குளிரையும் பிரித்தறிய வேண்டும். தையில் வானம் தெளிந்த இரவில் தரையின் வெப்பம் தடையின்றி மேலே போய்விடும். முகில் இருந்தால் போர்வைபோல அதைத் தடுத்திருக்கும். விடியற்காலையில் தரையோடு ஒட்டிய வளி குளிர்ந்து மூடுபனியாகும். அதுவும் முகில்தான், ஏறாமலே பிறந்த முகில். நுவரெலியாவில் மரக்கறித் தோட்டங்களைக் கருக்கும் உறைபனியும் இத்தகைய தெளிந்த இரவுகளின் வேலையே. எமது பகுதியில் இக்குளிர் நெல்லுக்கே கூடிய கெடுதி. இலை நெடுநேரம் ஈரமாக இருந்தால் எரிபந்த நோய் பரவும். மாட்டுக்கு அவ்வளவு தீங்கில்லை. எட்டு மணிக்கு வெயில் வந்துவிடும்.

படைமுகிலின் குளிரோ பகலிலும் விடாது. வெயில் இல்லை, மழை விட்டுவிட்டுத் தூறும், வாடை ஓயாது வீசும். உலர்ந்த உரோமம் தன்னுள் வளியைப் பிடித்து உடற்சூட்டைக் காக்கும். நனைந்து படிந்த உரோமம் காக்காது. காற்று வேறு ஈரத்தை உலர்த்தி உடற்சூட்டைக் கவர்ந்து செல்லும். வயிற்றில் தீன் இருந்தால் அது செரிக்கையில் சூடு பிறக்கும். ஆனால் எமது மாடு அக்காலத்தில் அரைவயிறு. காலபோகத்தில் வயல்வெளியெல்லாம் பயிர். மேய்ச்சல் தரையென்று ஒதுக்கிய நிலம் பல இடங்களில் பெயரளவிலேயே உண்டு. பட்டிகள் பற்றைக்காட்டு ஓரத்திலும் சதுப்பிலும் நிற்கின்றன. வானொலி மழையளவையும் காற்றின் வேகத்தையும் அறிவிக்கும். உங்கள் மாட்டின் விலா எலும்பு தெரிவது அதற்குத் தெரியாது.

தை நடுப்பகுதியிலிருந்து வடக்கில் மழை குறைந்து மாசி வறண்டிருப்பதே வழக்கம். வழக்கத்தை மட்டும் நம்பக்கூடாது. 2011இல் ஜனவரியிலும் பெப்ரவரியிலும் பெய்த பெருமழை கிழக்கில் நெல்வயல்களை மூழ்கடித்தது.

படை தாழ்ந்து, வாடையும் எழுந்து, தாழமுக்க அறிவித்தலும் வந்தால் அன்று மாலைக்குள் கன்றுகளையும் சினைப்பசுக்களையும் மேட்டுநிலத்துக்கு மாற்ற வேண்டும். கூரை இல்லாவிடினும் வடக்கே ஒரு கிடுகு மறைப்பு, காலடியில் காய்ந்த வைக்கோல், தின்ன இன்னொரு கட்டு. அந்த வைக்கோலை முந்திய அறுவடையிலேயே சேர்த்துவைத்திருக்க வேண்டும். விதைப்புக்கு முன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் வயல்வெளியிலிருந்து மாடுகளை அகற்றும் திகதி ஆண்டுதோறும் தீர்மானிக்கப்படுகின்றது. அகற்றப்படும் மாடு எந்த மேட்டில் நிற்கும் என்பதையும் அதே கூட்டத்தில் கேட்டுப் பதியச் செய்யும்படி பட்டிக்காரர்களை வேண்டுகின்றோம்.