சவுக்குக்கு ஒரு கல்லூரி

வேடந்தாங்கலில் பறவை பார்த்துவிட்டு மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் வழியில் சவுக்குத் தோப்புகளையும் கவனியுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காகப் பரவிய மரம் இது. வேரில் குடியிருக்கும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை இழுத்துக் கொடுக்கிறது. அதனால்தான் வெறும் மணலிலும் கிடுகிடுவென வளர்கிறது.

இந்தச் சவுக்கை ஆராய நமக்கு ஒரு கல்லூரியே உண்டு, பலருக்குத் தெரியாது! நீலகிரி அடிவாரத்தில், மேட்டுப்பாளையத்தில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி. காகித ஆலைகளுக்கு ஏற்ற புதிய சவுக்கு ரகங்களை அது உருவாக்கியிருக்கிறது. சவுக்கு நட நினைக்கும் உழவர்களே, கன்று வாங்குமுன் அங்கே ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.