ஆஸ்பத்திரியின் பெயர் சொல்லாத வைத்தியக் கல்லூரி

பெரம்பலூர் ஜில்லா எறையூரிலிருந்து ஒரு கரும்பு விவசாயி சென்ற மாதம் நமது காரியாலயத்துக்கு வந்திருந்தார். அவ்வூர்ச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பிக் காலம் தள்ளும் குடும்பம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளை டாக்டருக்குப் படிக்க வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பெண் நீட் பரீக்ஷையில் தேறியிருந்தாலும், சர்க்கார் கல்லூரியில் இடம் பெறும் அளவுக்கு மார்க்கு வரவில்லை. கடலுக்கப்பால் ஒரு தீவிலுள்ள கல்லூரியில் இடம் வாங்கித் தருவதாக ஒரு தரகர் கொடுத்த விளம்பரப் புத்தகத்தையும், கையெழுத்துக்குத் தயாராயிருந்த ஒப்பந்தப் பத்திரத்தையும் அவர் நம் முன் வைத்தார். "ஐயா, நிலத்தை அடமானம் வைக்கப் போகிறேன். அதற்கு முன்னால் சட்டம் தெரிந்த ஒருவர் இதைப் படித்துச் சொன்னால் தேவலை" என்றார்.

படித்துப் பார்த்தோம். கட்டணம், தவணை, விடுதி வாடகை, தவணை தவறினால் அபராதம் ஆகிய யாவும் ஐயத்துக்கிடமின்றி எழுதப்பட்டிருந்தன. முதல் இரண்டு வருஷங்கள் தீவில் பாடம் என்றும், பிந்திய வருஷங்களில் வேறொரு தேசத்து ஆஸ்பத்திரிகளில், இடம் கிடைப்பதைப் பொறுத்து, பயிற்சி என்றும் ஒரே ஒரு வரி இருந்தது. எந்த ஆஸ்பத்திரி? இடம் பிடித்துத் தருவது யார் பொறுப்பு? கிடைக்காவிட்டால் மாணவியின் கதி என்ன? இவற்றைப் பற்றிப் பத்திரம் வாய் திறக்கவில்லை. பணம் வாங்குவதற்குப் பல பக்கங்கள். வைத்தியம் கற்றுக்கொடுப்பதற்கு ஒரு வரி! அந்த ஒரு வரியின் பொருட்டே இதை எழுதுகிறோம். இவ்விவசாயியைப் போன்ற தகப்பன்மார் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

வைத்தியம் புத்தகத்தால் மட்டும் வருவதன்று. நோயாளியின் கட்டிலருகே நின்று, நாடி பிடித்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, அவன் சொல்வதையும் சொல்லாமல் விடுவதையும் கேட்டுப் பழகினாலொழிய அது கைவராது. சென்னைப் பட்டணத்தின் சரித்திரமே இதற்குச் சாக்ஷி. அங்கே ஜெனரல் ஆஸ்பத்திரி 1664-ல் தோன்றியது. வைத்தியப் பள்ளி அதையொட்டி 1835-ல்தான் ஏற்பட்டது. ஆஸ்பத்திரி முந்தி, கல்லூரி பிந்தி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் தொழில் கற்றது அக்கல்லூரியில்தான்.

அமெரிக்காவில் இந்த முறை ஒரு காலத்தில் தலைகீழாயிற்று. கட்டடமும் பெயர்ப் பலகையும் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில்லாமலே பட்டம் வழங்கிய பள்ளிகள் அங்கே மலிந்தன. ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 155 வைத்தியப் பள்ளிகளை ஆராய்ந்து 1910-ல் வெளியிட்ட அறிக்கை இவற்றின் குறையை அம்பலப்படுத்தியது. பின்னர் அநேக பள்ளிகள் மூடப்பட்டன. அதில் ஒரு கஷ்டமும் விளைந்தது. நீக்ரோ மக்களுக்கென்று இருந்த 7 பள்ளிகளில் 5 மறைந்தன. அவற்றுக்கு ஈடாக வேறு பள்ளிகள் எழவில்லை. குறையுள்ள பள்ளியை மூடினால் மட்டும் போதாது, நல்ல பள்ளியையும் திறக்க வேண்டும் என்ற படிப்பினையை நாம் மறக்கலாகாது.

இனி நமது நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். தேசிய மருத்துவக் கமிஷன் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, அயல்நாட்டில் படிக்கிறவர் குறைந்தது 54 மாதம் ஆங்கில மூலம் படித்து, அதே ஸ்தாபனத்தில் 12 மாதம் ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். பயிற்சியின் எந்தப் பகுதியும் இந்தியாவிலோ, பட்டம் தரும் தேசத்தையல்லாத வேறு தேசத்திலோ நடந்திருக்கக்கூடாது. பிறகு இங்கே தகுதிப் பரீக்ஷை எழுதி, மீண்டும் 12 மாதம் பயிற்சி பெற வேண்டும்.

இந்த விதியை எறையூர் விவசாயியின் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தீவில் பாதி, வேறு தேசத்தில் பாதி என்ற ஏற்பாட்டிலேயே படிப்பு இந்தியச் சட்டத்துக்கு விரோதமாகி விடுகிறது. கரீபியன் தீவுகளில் பல கல்லூரிகள் இம்முறையைக் கையாளுகின்றன. அமெரிக்காவில் தொழில் செய்யக் கருதும் அமெரிக்க மாணாக்கருக்கு அது பொருந்தலாம். அந்நாட்டுப் பரீக்ஷைகளை எழுதி அங்கேயே அவர்கள் நிலைபெறுகிறார்கள். பெரம்பலூருக்குத் திரும்பி வைத்தியம் செய்ய எண்ணும் பெண்ணுக்கு அது எவ்வாறு பொருந்தும்? பட்டம் கையிலிருக்கும், தொழில் செய்ய உரிமை இராது, நிலம் அடமானத்தில் இருக்கும்.

அயல்நாட்டுக் கல்லூரிகள் எல்லாமே மோசம் என்று நாம் சொல்ல வரவில்லை. சொந்த ஆஸ்பத்திரியும் நல்ல ஆசிரியர்களும் உள்ளவை பல. ஆயினும் அங்கேயும் ஒரு கேள்வி எழுகிறது. பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம்; நோயாளி பேசுவது ருஷ்ய மொழியோ ஜார்ஜிய மொழியோ ஆயிற்றே! "எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக?" என்று அவனுடைய பாஷையில் கேட்கத் தெரியாதவன் வார்டில் வெறும் பார்வையாளனாகத்தான் நிற்பான். 2022-ல் உக்ரேனில் யுத்தம் மூண்டபோது ஆயிரக்கணக்கான நம் மாணாக்கர் படிப்பை நடுவில் விட்டுவிட்டு ஓடி வந்ததையும் நேயர்கள் அறிவார்கள். கணினித் திரையில் பாடம் தொடர்ந்தது. நோயாளியின் வயிற்றைத் திரையில் தொட்டுப் பார்க்க முடியுமா?

உள்நாட்டுக் கல்லூரியானால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாமோ? அதுவும் கூடாது. 150 மாணாக்கரைச் சேர்க்கும் கல்லூரிக்கு 605 படுக்கைகள் வேண்டும் என்றும், அவற்றில் நூற்றுக்கு 80 நிரம்பியிருக்க வேண்டும் என்றும் கமிஷனின் 2023-ம் வருஷத்து நியமம் சொல்கிறது. படுக்கை இருப்பது வேறு, படுக்கையில் நோயாளி இருப்பது வேறு. ஹவுஸ் சர்ஜன் வருஷத்தில் சமுதாய மருத்துவத்துக்கு 12 வாரம், பிரசவத்துக்கும் ஸ்திரீ ரோகங்களுக்கும் 7 வாரம், பொது மருத்துவத்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் தலா 6 வாரம் என்று 2021-ம் வருஷத்து விதி பங்கிட்டிருக்கிறது. காகிதத்தில் எல்லாக் கல்லூரிக்கும் இதே பங்கீடுதான். ஆனால் அந்த 7 வாரத்தில் ஒருவன் எத்தனை பிரசவம் பார்த்தான் என்பதில்தான் கல்லூரிக்குக் கல்லூரி வித்தியாசம்.

ஆகவே பெற்றோர் கல்லூரி வாசலில் கேட்க வேண்டியவற்றைச் சொல்லுகிறோம். முதலாவது, ஆஸ்பத்திரி கல்லூரியின் சொந்தமா, இரவல் வாங்கியதா? இரவலானால் எழுத்து மூலமான உடன்படிக்கை எங்கே, அது எத்தனை வருஷத்துக்கு? இரண்டாவது, ஒரு கட்டிலைச் சுற்றி எத்தனை மாணாக்கர் நிற்கிறார்கள்? வேறு கல்லூரியாரும் அதே வார்டைப் பகிர்ந்துகொள்கிறார்களா? மூன்றாவது, இரவில் அவசர சிகிச்சைப் பிரிவில் மாணாக்கருக்கு வேலை உண்டா, அருகில் ஆசிரியர் உண்டா? நான்காவது, கிராமப் பயிற்சி உண்மையாக நடக்கிறதா, கையெழுத்தோடு முடிகிறதா? ஐந்தாவது, ஹவுஸ் சர்ஜனுக்கு உதவித்தொகை கைக்கு வருகிறதா? இவற்றுக்கு விடை விளம்பரப் புத்தகத்தில் கிடைக்காது. ஒரு திங்கட்கிழமை காலையில் புறநோயாளிப் பிரிவுக்கு நேரே போய் நில்லுங்கள். வரிசை இருக்கிறதா, இல்லையா என்பது தெரிந்துவிடும். பிறகு டீக்கடையில் நிற்கும் ஹவுஸ் சர்ஜன் ஒருவரை விசாரியுங்கள்.

பக்கத்து ஜில்லாவான அரியலூரில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ந் தேதி, தமிழ்நாட்டில் அன்று திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் ஒன்றாகத் தொடங்கிற்று. புதுக் கல்லூரிக்குப் பேர் போதவில்லை என்று அதைப் பின்னுக்குத் தள்ளுகிறவர்கள் உண்டு. பேரை மட்டும் பார்ப்பது தவறு என்பதே நமது அபிப்பிராயம். பாம்பு கடித்தவர், வயலில் பூச்சிமருந்து அடித்து மயங்கியவர், நெடுஞ்சாலையில் அடிபட்டவர், சிமெண்ட் தொழிற்சாலைப் பக்கத்தில் வாழ்ந்து இருமுகிறவர், மாதம் நிறைந்த கர்ப்பிணி ஆகிய யாவரும் ஜில்லா ஆஸ்பத்திரியின் வாசலுக்கே முதலில் வருகிறார்கள். அவர்கள் பேசுவது மாணவியின் தாய்மொழி. இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் எது? அங்கே போதிய ஆசிரியரையும் கருவிகளையும் நிறுத்தி வைப்பது சர்க்காரின் கடமை. நிறுத்தியிருக்கிறார்களா என்று கேட்பது ஜனங்களின் கடமை.

சர்க்காரை நாம் ஒன்று கேட்கிறோம். ஒவ்வொரு கல்லூரியிலும் சென்ற வருஷம் நிரம்பியிருந்த படுக்கைகள், நடந்த பிரசவங்கள், அறுவைச் சிகிச்சைகள், ஹவுஸ் சர்ஜன்களின் எண்ணிக்கை, அவர்களுக்குக் கொடுத்த தொகை ஆகியவற்றைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, கலந்தாய்வுக்கு ஒரு மாதம் முன்பே வெளியிட வேண்டும். அயல்நாட்டுக் கல்லூரிகளுக்கு ஆள் சேர்க்கும் தரகர், பயிற்சி நடக்கும் ஆஸ்பத்திரியின் பெயரை ஒப்பந்தத்திலேயே எழுதித் தரக் கட்டாயப்படுத்த வேண்டும். நிலம் வாங்குகிறவனுக்கு வில்லங்கச் சான்று கிடைக்கிறது. மகளின் ஆறு வருஷத்தை ஒப்படைக்கிற தகப்பனுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

எறையூர் நண்பருக்கு நாம் சொன்ன யோசனை இதுதான்: "ஆஸ்பத்திரியின் பெயரையும், பயிற்சி கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக ஒரு ஷரத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்தாலும் இந்தியச் சட்டத்துக்கு அது ஒத்ததா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து." பத்து நாள் கழித்து அவர் டெலிபோனில் பேசினார். அப்படி எழுதிக் கொடுக்கும் வழக்கமில்லை என்று தரகர் சொல்லிவிட்டாராம். மகள் இன்னொரு வருஷம் பரீக்ஷைக்குப் படிக்கிறாள். நிலத்தில் கரும்பு நிற்கிறது.