ரெயிலுக்கும் ரெயிலுக்கும் நடுவே சேலத்தில் எட்டு மணி நேரம்!

காலையில் கப்பலை விட்டு இறங்குவார்கள். ஊருக்குப் பறக்க மாலையில்தான் விமானம். நடுவில் கிடைக்கும் பொழுதை எப்படிக் கழிப்பது? பெட்டி படுக்கையை எங்கே வைப்பது? வெளிநாட்டுத் துறைமுக நகரங்களில் பயணிகளைப் பிடித்து ஆட்டும் கவலை இது. சிங்கப்பூர் விமான நிலையத்தில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். அடுத்த விமானத்துக்காகப் பல மணி நேரம் காத்திருப்பவர்களை இலவசமாக பஸ்சில் ஏற்றுகிறார்கள். ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள். நேரத்துக்குள் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள்.

சேலத்துக்குக் கடல் இல்லை. கப்பலும் இல்லை. ஆனால் காத்திருப்பவர்களுக்குக் குறைவே இல்லை!

சேலத்திலிருந்து ஆறு பக்கம் ரெயில் போகிறது. ஜோலார்பேட்டை வழியாகச் சென்னைக்கு. ஈரோடு வழியாகக் கோவைக்கும் கேரளத்துக்கும். தர்மபுரி வழியாகப் பெங்களூருக்கு. ஆத்தூர் வழியாக விருத்தாசலத்துக்கு. நாமக்கல் வழியாகக் கரூருக்கு. மேட்டூர் அணைக்கு ஒன்று. இவற்றில் நாமக்கல் பாதையில் 2013-ல்தான் பயணிகள் ரெயில் ஓடத் தொடங்கியது. ஒரு ரெயிலில் வந்து இன்னொரு ரெயிலைப் பிடிப்பவர்கள் இங்கே எந்நேரமும் உண்டு.

ஆத்தூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று கேரளத்துக்குப் புறப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், ஒரு பாட்டி. காலை பத்து மணிக்குச் சேலத்தில் இறங்கிவிட்டார்கள். அடுத்த ரெயில் மாலை ஆறு மணிக்கு. என்ன செய்வார்கள்? பெரும்பாலோர் பிளாட்பாரத்திலேயே துண்டை விரித்துவிடுகிறார்கள். பாட்டிக்கு இடுப்பு வலி. குழந்தைகளுக்கு மணிக்கொரு பிஸ்கட் பாக்கெட். சாயங்காலம் கணக்குப் பார்த்தால், ஊர் சுற்றியிருந்தால் கூட அவ்வளவு செலவு ஆகியிருக்காது!

இன்னொரு வகையினர் உண்டு. அவர்கள் துணிந்து ஏற்காட்டுக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். ரெயிலைக் கோட்டை விடுகிறார்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது.

மூன்று நிலையங்கள்!

முதலில் டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். எந்தச் சேலம் என்று போட்டிருக்கிறது? சேலம் ஜங்ஷன் ஒன்று. சேலம் டவுன் ஒன்று. சேலம் மார்க்கெட் என்றும் ஒன்று உண்டு. விருத்தாசலம் பாதையில் வருகிறவர்களுக்கு டவுன் நிலையம் முதலில் வரும். கோயிலுக்கும் கடைவீதிக்கும் அதுதான் பக்கம். கோவை, கேரளம் போகும் ரெயில்களோ பெரும்பாலும் ஜங்ஷனுக்குத்தான் வரும். டவுன் நிலையத்தில் இறங்கி, அங்கேயே உட்கார்ந்து, கேரள ரெயிலை எதிர்பார்த்தால் பெரும்பாலும் அது வராது.

ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில். நகரின் நடுவிடத்திலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் தள்ளி. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு 1862-ல் போட்டு முடித்த பழைய பாதை இந்தப் பக்கமாகப் போனது. ஊர் ஒரு பக்கம், ரெயில் ஒரு பக்கம் என்று அன்றைக்கு ஏற்பட்டது, இன்றைக்கும் அப்படியே.

பஸ் நிலையமும் இரண்டு. டவுன் பஸ்கள் புறப்படுவது பழைய பஸ் நிலையத்தில். அதை இடித்துக் கட்டி, ஈரடுக்கு நிலையமாக 2023-ல் திறந்தார்கள். வெளியூர் பஸ்கள் புதிய பஸ் நிலையத்தில்.

"பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு டிக்கெட் கொடுங்கண்ணா" என்று கேட்டால், "புதுசா, பழசாங்க?" என்று கண்டக்டர் திருப்பிக் கேட்பார். பதில் தெரியாவிட்டால் அரை மணி நேரம் போச்சு!

பெரிய நிலையங்களில் சாமான்களை வைக்க ரெயில்வேயின் காப்பறை உண்டு. பயண டிக்கெட்டைக் காட்ட வேண்டும். பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்க வேண்டும். பூட்டாத பையை வாங்க மாட்டார்கள். ஆகவே வீட்டிலிருந்து புறப்படும்போதே இரண்டு சிறு பூட்டுகளை எடுத்துக்கொள்வது நல்லது. நகை, பணம், மருந்துச் சீட்டு ஆகியவை கையோடு இருக்கட்டும். தின்பண்டத்தையும் உள்ளே வைக்காதீர்கள். எலிக்கு டிக்கெட் கிடையாது!

ஏற்காட்டு ஆசை

சேலம் என்றதும் ஏற்காடு நினைவுக்கு வருவது இயற்கை. சுமார் 30 கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் மலைப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 20! ஜங்ஷனிலிருந்து பஸ் நிலையம் போய், மலை ஏறி, இறங்கி, மறுபடி ஜங்ஷன் வருவதற்குள் பொழுது போய்விடும். ஏரியைப் பார்த்த கண் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். ஏற்காட்டுக்கு ஒரு முழு நாள் வேண்டும். எட்டு மணி நேரக்காரர்கள் அதை விட்டுவிடலாம். சேர்வராயன் மலை எங்கும் ஓடிவிடாது.

முதலில் கோயில்

காலையில் இறங்கியவர்கள் முதலில் செய்ய வேண்டியது கோயிலுக்குப் போவது. பக்திக்காக மட்டும் அல்ல. பகலில் நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க மாலை நான்கு மணி போல ஆகிவிடும். கடை காத்திருக்கும், சாமி காத்திருக்க மாட்டார்!

பழைய பஸ் நிலையத்தில் இறங்கினால் கோட்டை மாரியம்மன் கோயிலும் சுகவனேசுவரர் கோயிலும் அருகருகே. சுகம் என்றால் கிளி. சுகப் பிரம்ம ரிஷி கிளி உருவில் வந்து வழிபட்ட தலம் என்பது கதை. இதைச் சொன்னால் குழந்தைகள் கோபுரத்தில் கிளி தேட ஆரம்பித்துவிடும். கோட்டை மாரியம்மனுக்கு ஆடி மாதம்தான் பெரிய திருவிழா. அந்த நாட்களில் பாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டத்தில் இழுத்துக்கொண்டு போக வேண்டாம். தூர நின்று கும்பிட்டாலும் அம்மன் கோபிக்க மாட்டாள்.

கொலுசு பிறக்கும் இடம்

அடுத்தது செவ்வாய்ப்பேட்டை. செவ்வாய்தோறும் சந்தை கூடியதால் வந்த பெயர். இன்றைக்கு வெள்ளிக்குப் பெயர் பெற்ற இடம். செவ்வாயில் வெள்ளி!

தமிழ்நாட்டுக் குழந்தைகளின் காலில் குலுங்கும் கொலுசுகளில் ஏராளமானவை சேலத்தில் பிறந்தவை. கொலுசு ஒரே பட்டறையில் முழு உருப் பெறுவதில்லை. ஓரிடத்தில் வெள்ளியை உருக்கிக் கட்டியாக்குவார்கள். அதைச் சிறு துளைகள் வழியாக இழுத்து இழுத்து மெல்லிய கம்பியாக்குவார்கள். கம்பியைச் சுருட்டி வெட்டினால் வளையங்கள். வளையத்தோடு வளையம் கோத்து, பற்றவைத்து, முத்தும் சலங்கையும் சேர்த்து, கடைசியில் மெருகு ஏற்றுவார்கள். சிவதாபுரம், பனங்காடு போன்ற பகுதிகளில் வீட்டு வேலையாகவே இது நடக்கிறது. ஒரு வீட்டில் கம்பி, அடுத்த வீட்டில் கோர்ப்பு, இன்னொரு வீட்டில் மெருகு. பல கைகள் மாறி வந்த பிறகுதான் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்கிறது.

வாங்குகிறவர்கள் இரண்டைக் கேட்க வேண்டும். எடை எவ்வளவு? "டச்" எவ்வளவு? டச் என்றால் நூற்றில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற கணக்கு. பளபளப்பு எல்லாக் கொலுசிலும் இருக்கும். டச் அப்படி அல்ல. ரசீதில் இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திரும்ப விற்கும் நாளில் அந்தத் துண்டுக் காகிதம்தான் பேசும். வழிப்பயணத்தில் அவசரமாக வாங்குகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சித்திரை, வைகாசியில் வருகிறவர்களுக்கு மாம்பழம். மல்கோவா, இமாம்பசந்த், சேலம் குண்டு, நடுசாலை என்று பெயரைக் கேட்டாலே வாய் ஊறும். பழுத்ததை வாங்கி ரெயிலில் நசுக்க வேண்டாம். இரண்டு நாளில் பழுக்கும்படி செங்காயாகக் கேளுங்கள்.

சினிமாப் பிரியர்களுக்கு ஏற்காடு சாலையில் ஒரு வளைவு இருக்கிறது. டி. ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்சின் நுழைவு வளைவு அது. எம்.ஜி.ஆர். நடித்து, கருணாநிதி வசனம் எழுதிய "மந்திரி குமாரி" (1950), தமிழில் முதல் முழு நீள வண்ணப் படமான "அலிபாபாவும் 40 திருடர்களும்" (1956) எல்லாம் இந்தக் கம்பெனியின் படங்கள். இப்போது எஞ்சி நிற்பது வளைவுதான். பாட்டிகள் கண் கலங்குவார்கள். பேரன்கள் "இவ்வளவுதானா?" என்பார்கள்.

நாமக்கல் போகலாமா?

பத்து மணி நேரத்துக்கு மேல் இருந்தால் தாராளமாகப் போகலாம். பஸ்சில் சுமார் 50 கிலோமீட்டர். அங்கேயும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முன்பெல்லாம் பஸ்சை விட்டு இறங்கினால் மலை முன்னாலேயே நிற்கும். 2024-ல் முதலைப்பட்டியில் புதிய பஸ் நிலையம் திறந்துவிட்டார்கள். அங்கிருந்து ஊருக்குள் வர இன்னொரு பஸ் வேண்டும். போக வர அந்த நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஊருக்குள் வந்துவிட்டால் அலைச்சலே இல்லை. நட்ட நடுவில் ஒரே கல்லாக மலை. உச்சியில் கோட்டை. மலையைக் குடைந்து ஒரு பக்கம் நரசிம்மர், மறு பக்கம் அரங்கநாதர். இரண்டும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட குடைவரைகள். நரசிம்மரை நோக்கிக் கைகூப்பி நிற்கிறார் ஆஞ்சநேயர். உயரம் 18 அடி! தலைக்கு மேல் கூரை இல்லை. வெயிலும் மழையும் அவர் மேல்தான்.

ஆஞ்சநேயர் வடக்கே கண்டகி நதியிலிருந்து சாளக்கிராமம் எடுத்து வந்தாராம். வழியில் நீராடுவதற்காகக் கீழே வைத்தாராம். திரும்பி வந்து தூக்கினால் அசையவில்லை, வளர்ந்து மலையாகிவிட்டதாம். வழிப்பயணத்தில் சற்று இறங்கியவர் அங்கேயே நின்றுவிட்டார்! ரெயிலுக்கு நேரமாகிறவர்கள் இந்த விஷயத்தில் அவரைப் பின்பற்றக் கூடாது.

இங்கே கோயில் கொண்டிருக்கும் நாமகிரித் தாயார் கணித மேதை ராமானுஜனின் குடும்ப தெய்வம். கணக்குப் பாடத்துக்குப் பயப்படும் பிள்ளைகளைத் தாயார் சன்னதியில் சற்றுக் கூடுதலாக நிற்க வைக்கும் பெற்றோர்கள் உண்டு. நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை வாழ்ந்த வீடும் இதே ஊரில் நினைவு இல்லமாக இருக்கிறது. கோட்டைக்கு ஏற நினைப்பவர்கள் காலையிலேயே ஏறிவிடுங்கள். நடுப்பகலில் பாறை தோசைக்கல்!

ரெயில் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக நாமக்கல்லை விட்டுப் புறப்பட்டுவிட வேண்டும். அதில் பேரம் பேசக் கூடாது.

விமானம் ஏறுவோருக்கு

சேலத்துக்கும் விமானம் உண்டு. இடையில் 2021-ல் நின்று போன சேவை, 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. நிலையம் நகரில் இல்லை. ஓமலூருக்கு அருகே காமலாபுரத்தில். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறி இறங்கி, அன்றே விமானம் பிடிக்க வருகிறவர்கள் சேலம் நகருக்குள் புகுந்து திரும்புவது வீண். ஓமலூரிலிருந்து தாரமங்கலம் போய் வருவதே மேல்.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் சிற்பங்கள் கெட்டி முதலிகள் காலத்துக் கைவண்ணம். ஒரு தூணில் ராமன் வில்லோடு மறைந்து நிற்கிறான். இன்னொரு தூணில் வாலியும் சுக்ரீவனும் சண்டை போடுகிறார்கள். ராமன் இருக்கும் இடத்தில் நின்று பார்த்தால் வாலி தெரிகிறான். வாலி இருக்கும் இடத்தில் நின்று பார்த்தால் ராமன் தெரியவில்லை! குழந்தைகளை இரண்டு தூணிலும் மாறி மாறி நிறுத்திப் பாருங்கள். கல் சிங்கத்தின் வாய்க்குள் ஒரு கல் உருண்டையும் இருக்கிறது. உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. இந்தக் கோயிலும் பகலில் நடை சாத்துவதை மறக்க வேண்டாம்.

மாலையில் தட்டுவடை

நான்கு, ஐந்து மணி ஆனால் சேலத்துத் தெருக்களில் தள்ளுவண்டிகள் முளைத்துவிடும். தட்டுவடை செட்! சின்னத் தட்டுவடை ஒன்று. அதன் மேல் காரட், பீட்ரூட், வெங்காயத் துருவல். காரச் சட்னி, புளிப்புச் சட்னி. மேலே இன்னொரு தட்டுவடை வைத்து மூடிக் கொடுப்பார்கள். அப்படியே வாயில் போட வேண்டும். கடித்துத் தின்றால் சட்டையில் பாதி. பல் இல்லாத பாட்டிக்கு "நொறுக்கல்" சொல்லுங்கள். தட்டுவடையை நொறுக்கிச் சட்னியில் கலந்து தருவார்கள்.

ஆறு மணி ரெயில்காரர்கள் நின்ற வாக்கில் தின்றுவிட்டு, ஐந்து மணிக்கெல்லாம் ஜங்ஷனில் இருக்க வேண்டும். காப்பறையில் சாமானை மீட்கக் கூட்டம் இருக்கலாம். அலுவலகம் விடும் நேரத்தில் ஐந்து ரோட்டில் பஸ் நகராது. ரெயிலில் தின்ன வேண்டும் என்றால் செட்டாக வாங்காதீர்கள். கால் மணியில் ஊறிச் சவசவத்துவிடும். வெறும் தட்டுவடையைப் பாக்கெட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். கேரளம் போய்ச் சேரும் வரை மொறுமொறு என்று இருக்கும்.