வயிற்றுக்குள் தங்கிய ஃபோர்செப்ஸ்

கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2017-இல் சிசேரியன் செய்துகொண்ட பெண் ஒருவர், ஏறக்குறைய ஐந்து வருடம் வலியோடு அலைந்தார். 2022 செப்டம்பரில் அவர் வயிற்றிலிருந்து ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் ஒன்று எடுக்கப்பட்டது. பார்க்கக் கத்தரிக்கோல் மாதிரி இருக்கும். ஆனால் வெட்டாது, கவ்வும். ரத்தக்குழாயைக் கவ்வவைத்துக் கைப்பிடிப் பல்லை அழுத்திப் பூட்டிவிட்டால், மருத்துவர் கையை எடுத்த பிறகும் பிடி தளராது.

கவனிக்காமல் தையல் போட்டால் அது உள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் ஆபரேஷன் தியேட்டரில் எண்ணிக்கை அவ்வளவு முக்கியம். வெட்டுவதற்கு முன்பும், தையல் போடுவதற்கு முன்பும் செவிலியர் கருவிகளையும் பஞ்சுத்துணிகளையும் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். நள்ளிரவு அவசர ஆபரேஷனிலும், பாதியில் திட்டம் மாறும் ஆபரேஷனிலும்தான் கணக்கு பிசகும் வாய்ப்பு அதிகம்.

ஆறவேண்டிய காலத்தில் ஆறாத வலி, திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல், தையலில் நிற்காத சீழ் இருந்தால், “ஆபரேஷன் பண்ண உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று மாத்திரையோடு நாளை ஓட்டாதீர்கள். உலோகக் கருவி சாதாரண எக்ஸ்ரேயிலேயே தெரியும். சந்தேகம் இருந்தால், எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். காந்தம் உலோகத்தை இழுக்கும்.

கோழிக்கோட்டுப் பெண்ணுக்கு முந்தைய சிசேரியன்கள் வேறு இடத்தில் நடந்திருந்தன. கருவி எங்கே உள்ளே போனது என்பதிலேயே மருத்துவ வாரியமும் போலீசும் முரண்பட்டன. இப்படிப்பட்ட சிக்கலில் ஆவணங்கள்தான் கைகொடுக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி ஒரு தாள்தான், அது போதாது. கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்பு எல்லாவற்றின் நகலையும் எழுத்துமூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி.

செங்கல்பட்டு மாவட்டத்தில் கோவளத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் பலர் ஆபரேஷனுக்குச் சென்னைக்குப் போகிறார்கள். இழப்பீட்டு வழக்குக்காக மறுபடி அங்கே அலைய வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது செங்கல்பட்டு நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். மருத்துவமனைக்குக் கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் இல்லை. எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இந்தச் சட்டத்துக்குள் வராது. அதற்காக வழி அடைபட்டுவிடவில்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, சிவில் வழக்கு இரண்டும் உண்டு. 1963-இல் ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் கருத்தடை ஆபரேஷனின்போது வயிற்றில் துணி விடப்பட்டு ஒரு பெண் இறந்தார். அதற்கு மாநில அரசே பொறுப்பு என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

நுகர்வோர் ஆணையத்தில் கெடு 2 ஆண்டு. உள்ளே இருப்பதே தெரியாதவருக்கு, தெரியவந்த நாளிலிருந்து அது தொடங்கலாம். ஆனால் 2010-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், பஞ்சுத்துணியை உள்ளே வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் வலிமாத்திரையிலேயே காலம் தள்ளிய பெண்ணின் புகார் தள்ளுபடியானது. முயன்றிருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்றது நீதிமன்றம். அவரே ஒரு செவிலியர். கடுமையான தீர்ப்பு என்றே எனக்குப் படுகிறது, ஆனால் நடைமுறை அதுதான்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் செங்கல்பட்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது. சட்ட உதவித் தொலைபேசி: 15100.