லோகோ போட்டுக் கொடு தம்பி, காசு அப்புறம் பார்த்துக்கலாம்

"ஒரு லோகோ போட்டுக் கொடு தம்பி, காசு அப்புறம் பார்த்துக்கலாம்." புதுச்சேரியின் வில்லியனூரிலோ பாகூரிலோ கணினியில் வரையத் தெரிந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிக் காட்டும். கேட்டவர் அநேகமாகத் தெரிந்தவராகத்தான் இருப்பார்: அப்பாவின் சிநேகிதர், பக்கத்துத் தெரு மாமா, கூடப் படித்தவனின் அண்ணன். நாலு தடவை நிறம் மாற்றி, எழுத்து மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கடைசியில் ஒரு கட்டைவிரல் வரும். அடுத்த வாரம் அந்த லோகோ பத்தடி ஃப்ளெக்ஸில் கடை வாசலில் தொங்கும். காசு மட்டும் வந்திருக்காது.

தான் ஏமாற்றுவதாக மாமாவுக்குத் தோன்றாது. பிள்ளைக்கோ கேட்கக் கூச்சம். ஓவியம், புகைப்படம், வடிவமைப்பு, அனிமேஷன் என்று கிராமத்திலிருந்து கிளம்புகிறவர்களை முதலில் கவிழ்ப்பது இந்தக் கூச்சம்தான். அவர்கள் நினைப்பதைவிடச் சட்டம் அவர்கள் பக்கம் அதிகமாகவே சாய்ந்திருக்கிறது. ஆனால் வேலையைத் தொடங்கும் முன்பே நாலு வரி எழுதி வைத்தவருக்குத்தான் அது கைகொடுக்கும்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வரைந்தவரே படைப்பின் முதல் உரிமையாளர். பதிவு செய்திருக்க வேண்டும் என்பதில்லை. வரைந்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது. மாதச் சம்பளத்துக்கு ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தால், அந்த வேலையில் வரைந்தது முதலாளிக்குப் போகும். இன்னொரு விதிவிலக்கும் உண்டு. காசு வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்த புகைப்படம், வரைந்து கொடுத்த உருவப்படம், எடுத்த படச்சுருள் ஆகியவை, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், காசு கொடுத்தவருடையவை. கல்யாண ஆல்பத்தைத் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் கேட்காமல் போடும் போட்டோகிராபர் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும். மாதிரிக்குப் போட்டுக்கொள்ள அனுமதி உண்டு என்று ஒரு வரி, அட்வான்ஸ் வாங்கும் ரசீதிலேயே இருக்கட்டும்.

உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தர வேண்டுமென்றால் எழுத்தும் கையெழுத்தும் கட்டாயம். கட்டைவிரல் சாசனம் ஆகாது. எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு. எந்த ஊருக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். முழு உரிமையையும் விற்றுவிட்ட பிறகும் படைப்பாளி கையில் இரண்டு மிஞ்சும்: தன் பெயருக்கான உரிமையும், படைப்பைச் சிதைக்காமல் காக்கும் உரிமையும். டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் பெரிய சுவர்ச் சிற்பத்தைக் கழற்றி உடைத்துப் போட்டதற்காகச் சிற்பி அமர்நாத் சேகல் மத்திய அரசு மீதே வழக்குப் போட்டார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், மிச்சமிருந்த துண்டுகளை அவரிடம் ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது.

சரி, காசு? இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு வழி இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் லேப்டாப் வைத்து வேலை செய்பவரும் சட்டத்தின் கண்ணில் ஒரு குறுந்தொழில்தான். உத்யம் தளத்தில் ஆதாரும் பான் எண்ணும் கொடுத்துப் பதிவு செய்யலாம், கட்டணம் கிடையாது. பதிவு கையில் இருந்தால் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் துணைக்கு வரும். வேலையை வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். தவணை எதுவும் பேசியிராவிட்டால் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 15 நாளில் பணம் தர வேண்டும். பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கணக்கில் கூட்டு வட்டி. புகாரை இணையம் வழியே, இந்தச் சட்டப்படி அமைந்த குறு, சிறு தொழில் வசதியாக்க மன்றத்துக்கு அனுப்பலாம். மன்றத்தின் தீர்ப்பை ரத்துசெய்யக் கோரி நீதிமன்றம் போக நினைக்கும் எதிராளி, தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். ஒரு நிபந்தனை: பதிவு, வேலைக்கு முந்தையதாக இருக்க வேண்டும். காசு நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிந்தால் பலன் சந்தேகம்.

இரண்டாயிரம் ரூபாய் லோகோவுக்காக மாமாவை மன்றத்துக்கு இழுக்க யாருக்கும் மனம் வராது, எனக்குத் தெரியும். அதனால் நடைமுறையில் நல்ல மருந்து, பாதிப் பணத்தை முன்கூட்டியே வாங்குவது. எத்தனை திருத்தம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். குறுக்கே பெயர் எழுதிய சின்னப் படத்தை மட்டும் காட்டுங்கள்; திருத்தக்கூடிய கோரல் டிரா ஃபைல், மீதிப் பணம் வந்த பிறகு. பேச்சு முழுவதும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருக்கட்டும், அழிக்க வேண்டாம்.

பாகூர்க்காரர்களுக்குத் தமிழ்நாட்டுக் கடலூர் கூப்பிடு தூரம். அங்கே வேலை எடுத்தால் வெளி மாநிலம் ஆயிற்றே, ஜிஎஸ்டி எண் இல்லாமல் முடியாது என்று பயமுறுத்துவார்கள். வடிவமைப்புச் சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை அது தேவையில்லை.

நம் பக்கத்துத் தவறையும் சொல்லியாக வேண்டும். திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டத்தில் தனிக் குற்றம். சிறைத் தண்டனை வரை போகும். கூகுளில் கிடைத்த படத்தை எடுத்து பேனரில் ஒட்டுவதும் பிறர் சொத்தை எடுப்பதுதான். இங்க்ஸ்கேப், கிருதா, கிம்ப் எல்லாம் இலவசம். கட்டமரன், ஹிந்த் மதுரை, முக்த மலர் போன்ற தமிழ் எழுத்துருக்களை வணிக வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கணினிக்கு முன்பே வில்லியனூரில் வடிவமைப்பு இருந்தது, மண்ணில். அந்த வட்டாரத்துச் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு உண்டு. இந்தக் குறியீடு ஊர்ப் பெயரைக் காக்கும். நீங்கள் புதிதாக யோசித்த தொங்குவிளக்கின் வடிவத்தைக் காக்காது. பயன்பொருள் ஒன்றின் வடிவத்தை 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதியாமல், அச்சு வைத்து 50-க்கு மேல் செய்துவிட்டால் அதன் பதிப்புரிமையும் போய்விடும். பதிந்தால் 10 ஆண்டு பாதுகாப்பு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் பதிவுக்கு முன் உலகம் பார்த்திருக்கக் கூடாது. சூளையிலிருந்து எடுத்த சூட்டோடு இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு மறு வாரம் விண்ணப்பித்தால், புதுமை போய்விட்டது என்று தள்ளிவிடுவார்கள். முதலில் விண்ணப்பம், பிறகு படம். ஊர்ப் பெயரைப் பெட்டியில் அச்சிட்டு விற்கும் இளைஞர்கள், குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தங்களையும் பதிந்துகொள்ள வேண்டும். குயவருக்கும் பொம்மை செய்பவருக்கும் சிற்பிக்கும் பிஎம் விஸ்வகர்மா திட்டத்தில் கருவி வாங்க 15,000 ரூபாய் வரை கிடைக்கும்.

படிப்பு விஷயத்தில் ஏமாறுவதுதான் குடும்பத்தையே சாய்க்கிறது. நூறு சதவீத வேலை என்று நோட்டீஸ் அடிக்கும் அனிமேஷன் நிலையங்கள் சில, கட்டணத்தைத் தவணையில் கட்டலாம் என்று சொல்லி அப்பா பெயரில் நிதி நிறுவனக் கடன் போட்டுவிடுகின்றன. பிள்ளை மூன்றாம் மாதம் நின்றுவிட்டாலும் கடன் நிற்காது. கையெழுத்துக்கு முன், அது கட்டணப் படிவமா கடன் பத்திரமா என்று பாருங்கள். பட்டம் தருவதாகச் சொன்னால் பல்கலைக்கழக மானியக் குழுவின் போலிப் பட்டியலையும் பாருங்கள். புதுச்சேரி முகவரி ஒன்றும் அதில் இடம்பெற்றதுண்டு. விளம்பரம் பொய்யானால் நுகர்வோர் உதவி எண் 1915. வரைகலையை முறையாகப் படிக்க நினைப்பவர்களுக்கு அரியாங்குப்பத்திலேயே பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது.

வீட்டிலிருந்தே டிசைன் வேலை, முன்பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று வரும் செய்தி மோசடி. அதன் இரண்டாம் பாகம் இன்னும் கொடுமை: வேலையை முடிக்கவில்லை, அபராதம் கட்டு என்று வக்கீல் பெயரில் மிரட்டல் வரும். பயந்து பணம் அனுப்ப வேண்டாம். ஏற்கனவே அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் கணக்கு மாறிப் போய்க்கொண்டிருக்கும்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்பவர்களுக்குச் சட்டப் பணிகள் ஆணையத்தின் எண் 15100. பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் அங்கே வருமானம் கேட்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.