முதுமைக்கான சேமிப்பு: இளமையிலேயே தொடங்குவோம்

எமது கிராமங்களில் 'பென்சன்' என்ற சொல் ஆசிரியருக்கும் தபாற்காரருக்கும் கச்சேரி உத்தியோகத்தருக்கும் உரியதாகவே கருதப்படுகிறது. கமக்காரர், கடற்றொழிலாளர், மேசன், வீட்டிலிருந்து தையல் வேலை செய்யும் பெண் ஆகியோரில் பெரும்பாலானோருக்கு மாதம் பிறந்தால் வரும் பணம் எதுவுமில்லை. உடல் ஓயும் நாளில் வருமானமும் ஓய்ந்துவிடுகிறது. ஆயினும் இருபது வயது இளைஞர் ஒருவரிடம் இதுபற்றிப் பேசினால், "அதற்கு இன்னும் எவ்வளவோ காலம் கிடக்கிறது" என்று சிரிக்கிறார். அவரிடமுள்ள மிகப் பெரிய முதல் அந்தக் காலமே என்பதை எடுத்துக்கூற விரும்புகிறோம்.

பிள்ளைகள் பார்ப்பார்களா?

பிள்ளைகளே எமது ஓய்வூதியம் என்று நம்பி வாழ்ந்தவர்கள் நாம். இலங்கையில் 60 வயதைக் கடந்தோர் 1981ஆம் ஆண்டில் சனத்தொகையில் 6.6 சதவீதமாக இருந்தனர். 2012ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அது 12.4 சதவீதமாயிற்று. குடும்பங்கள் சிறுத்துவிட்டன, பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் வாழ்கின்றனர். அவர்களது பாசத்தில் நாம் குறை காணவில்லை. ஆனால் முன்பு ஐந்தாறு பேர் பங்கிட்ட பொறுப்பு இன்று ஒருவர் அல்லது இருவர் தலையில் விழுகிறது. நீரிழிவு மாத்திரை வாங்குவதற்கும் பிள்ளையிடம் கைநீட்ட நேரும்போது பெற்றோரின் மனம் படும் பாட்டை நாம் அறிவோம்.

காலம் செய்யும் வேலை

இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 20 வயதில் தொடங்கி ஆண்டுக்கு 12,000 ரூபா, அதாவது மாதம் 1,000 ரூபா வீதம் சேமிக்கிறார். மற்றவர் அதே தொகையை 40 வயதில் தொடங்குகிறார். ஆண்டு வட்டி 8 சதவீதம் என்றும், வட்டியும் முதலோடு சேர்கிறது என்றும் கொள்வோம். 60 வயதில் முதலாமவரிடம் ஏறத்தாழ 31 இலட்சம் ரூபா இருக்கும். இரண்டாமவரிடம் இருப்பது ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் மட்டுமே. முதலாமவர் இட்ட பணம் இரு மடங்கு. பெற்றதோ ஐந்து மடங்குக்கும் மேல். வட்டிக்கு வட்டி பெருகுவதற்குக் கிடைத்த இருபது ஆண்டுகளே இந்த வித்தியாசத்திற்குக் காரணம்.

தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பர். பனையிலும் பயன்பெற விரும்புபவர் இளமையிலேயே நடவேண்டும்.

விலைவாசி ஏறினால்?

"2022இல் வங்கியிலிருந்த காசின் பெறுமதி என்னவாயிற்று?" என்று இளைஞர் கேட்பது நியாயமே. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தொட்டது. மேலே கூறிய 31 இலட்சமும் நாற்பது ஆண்டுகளின் பின்னர் இன்றைய 31 இலட்சத்தின் பெறுமதியைக் கொண்டிராது. ஆகவே முழுவதையும் ஓரிடத்தில் வைத்தலாகாது. வங்கி வைப்போடு சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்திலும் கணக்கு வைத்தல், காணியில் தென்னை, தேக்கு நடுதல், கறவை மாடு வளர்த்தல் ஆகியனவும் சேமிப்பே. சம்பளமோ விளைச்சலோ உயரும்போது சேமிக்கும் தொகையையும் உயர்த்த வேண்டும்.

சேமலாப நிதியைக் காப்போம்

1958ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும் செலுத்த வேண்டும். 30,000 ரூபா சம்பளம் பெறும் பெண்ணின் கணக்கில் மாதம் 6,000 ரூபா சேரவேண்டும். தொழில்தருநர் ஒழுங்காகச் செலுத்துகிறாரா என்பதைக் கணக்குக் கூற்றில் பார்த்தறிதல் அவசியம். செலுத்தாவிடில் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் எமது யுவதிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திருமணத்தின் பொருட்டு வேலையை விட்டு விலகும் பெண் இந்நிதியை மீளப்பெறச் சட்டம் இடமளிக்கிறது. அது அவளது உரிமை. ஆனால் ஆறேழு ஆண்டுகள் இயந்திரத்தின் முன்னிருந்து உழைத்த பணம் நகையாகவும் பந்தற் செலவாகவும் சீதனமாகவும் சில வாரங்களில் கரைந்துபோகிறது. அவளது முதுமைக்குரிய பணத்தைச் சீதனமாகக் கேட்பது அநீதி. பெற்றோரும் மாப்பிள்ளை வீட்டாரும் இதைச் சிந்திக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் அப்பணம் ஆண்டுதோறும் வட்டியோடு வளரும்.

சம்பளம் இல்லாதோருக்கு

கமக்காரருக்கு 1987இலும், கடற்றொழிலாளருக்கு 1990இலும் ஓய்வூதியத் திட்டங்கள் சட்டமாக்கப்பட்டன. கமக்காரர் திட்டத்தில் இளவயதில் சேருபவருக்குத் தவணைக் கட்டணம் குறைவு. ஆயினும் அத்திட்டத்தின் கொடுப்பனவுகள் நிதியின்றித் தடைப்பட்டு, 2014இல் மீண்டும் தொடங்கியதை மறக்கலாகாது. திட்டங்களில் சேருவோம்; அவற்றை மட்டும் நம்பியிராமல் சொந்தச் சேமிப்பையும் வளர்ப்போம்.

இன்றே செய்யக்கூடியவை

1. முதல் சம்பளத்திலிருந்தோ முதல் விளைச்சலிலிருந்தோ ஒரு பங்கை, செலவுக்கு முன்னரே ஒதுக்குங்கள்.
2. அவசரத் தேவைக்கு வேறொரு கணக்கு வையுங்கள். அது இருந்தால் முதுமைப் பணத்தில் கைவைக்க நேராது.
3. அதிக வட்டி தருவதாக ஆசைகாட்டுவோரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.
4. கடனுக்கு வாங்கிய கைத்தொலைபேசிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என எழுதிப் பாருங்கள். கடன் முடிந்த மறு மாதமே அத்தொகையைச் சேமிப்பிற்கு மாற்றுங்கள்.

அன்றாடச் சோற்றுக்கே அல்லற்படும் குடும்பத்தினரிடம் சேமியுங்கள் என்று கூறுவது எளிதல்ல என்பதை உணர்கிறோம். அவர்களுக்கு நியாயமான கூலியும், விளைச்சலுக்கு நியாயமான விலையும் முதலில் கிடைக்க வேண்டும். ஆனால் மாதம் நூறு ரூபாவையேனும் ஒதுக்கக்கூடியவர் நாளை என்று தள்ளிப்போட வேண்டாம். பிறர் கையை எதிர்பாராமல் ஒரு முதியவர் தமது மருந்தைத் தாமே வாங்குவதற்கு, அவர் இளமையில் ஒதுக்கிய அந்த நூறு ரூபாவும் துணைநிற்கும்.