பிள்ளையின் வினாவும் ஒரு பெரும் பகா எண்ணும்

திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பயின்று, 1941-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் பணியேற்றவர் கணித அறிஞர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. அவர் எழுப்பிய வினா ஒன்று வகுப்பறைக்கும் ஏற்றது. ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, 1 முதல் அவ்வெண் வரை யாவற்றையும் பெருக்கி, 1 கூட்டுக. அத்தொகையின் பகாக் காரணி ஒவ்வொன்றையும் எடுத்த எண்ணால் வகுத்தால் எப்பொழுதும் 1 மீதியாகுமா?

5-க்குத் தொகை 121, அதாவது 11×11. பதினொன்றை ஐந்தால் வகுக்க மீதி 1. ஆறுக்கு 721 = 7×103; ஏழுக்கு 5041 = 71×71. இவற்றிலும் மீதி 1-ஏ. இவ்விடத்தே விதி கண்டோம் என மகிழ்வோர் பலர். எட்டில் அது முறிகின்றது: 40321 = 61×661; இரண்டிலும் மீதி 5.

சௌலா என்னும் அறிஞர் 14, 18 ஆகியவற்றைக் காட்டி மறுத்தார். இரண்டின் தொகையையும் 23 மீதியின்றி வகுக்கும். பதினான்கின் தொகை 87,17,82,91,201. இதனை 23-ஆல் வகுத்தால் கிடைப்பது 3,79,03,60,487. இதுவும் பகா எண்ணே. கையால் சரிபார்க்கப் புகுவோர் 61,565 வரையுள்ள பகா எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்த்தல் வேண்டும்!

இவ்விரு காரணிகளையும் 14-ஆல் வகுக்க எஞ்சுவன முறையே 9, 11. அவற்றின் பெருக்கம் 99. அதனைப் பதினான்கால் வகுக்க மீதி 1. காரணிகளின் பெருக்கத்திற்கே அக்கட்டுப்பாடு. தனித்தனிக் காரணிக்கு அன்று.

பிள்ளை 1950 ஆகஸ்டு 31-இல் கெய்ரோ அருகே விமான விபத்தில் மறைந்தார். இவ்விதியை மீறும் எண்கள் ‘பிள்ளை பகா எண்கள்’ எனப்படும். அவை முடிவிலாதன என்பது பின்னர் நிறுவப்பட்டது.